ஒரு காது செத்த இயர்ஃபோன்ல டெம்பிள்ஸ் கேட்டேன், இந்த 1966 சவுண்டை இப்ப எப்படிப் பண்றாங்க?

அரைக்காது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் போஸ்ட், தப்பான பகுதியில போட்டிருந்தா மன்னிச்சு மாத்தி விட்ருங்க.

விஷயம் என்னன்னா என் இயர்ஃபோன்ல வலது பக்கம் போன மாசமே செத்துப்போச்சு. ஒயரை ஒரு மாதிரி முறுக்கிப் பிடிச்சா ரெண்டு நிமிஷம் உயிர் வரும், அப்புறம் பஸ் ஒரு பள்ளத்துல இறங்கினா போயிடும். சம்பளம் வரட்டும்னு இடது காதுலயே ஓட்டிட்டிருக்கேன், தினமும் போக ஒண்ணேகால் மணி வர ஒண்ணேகால் மணி, பாட்டு இல்லன்னா பைத்தியம் பிடிச்சிடும். அப்படி ஒரு நாள் ஷஃபிள்ல டெம்பிள்ஸ்னு ஒரு பேண்டோட ஷெல்ட்டர் சாங் வந்துச்சு. பன்னெண்டு கம்பி கிட்டார் ஜலஜலன்னு, குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி, ட்ரம்ஸ் போர்வைக்குள்ள போட்டு அடிக்கிற மாதிரி தொப்பு தொப்புன்னு. சத்தியமா சொல்றேன் பீட்டில்ஸ் காலத்துல வந்து யாரும் கண்டுக்காம விட்ட ஏதோ ஒரு பழைய பேண்டுன்னுதான் நினைச்சேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தா 2012! நான் பத்தாவது படிச்சிட்டிருந்தப்ப வந்த பாட்டு.

சரி, நிஜமாவே அறுபதுகள்ல வந்ததையும் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்போம்னு மறுநாள் பஸ்ல பீட்டில்ஸோட ரப்பர் சோல் போட்டேன். அங்கதான் குழப்பமே. பல பாட்டுல குரலே இல்ல! கிட்டாரும் ட்ரம்ஸும் மட்டும் ஓடிட்டிருக்கு, பாடுறவர் எங்கயோ பக்கத்துத் தெருவுல நின்னு பாடுற மாதிரி லேசா கேக்குது. கரோக்கே வெர்ஷன் போட்டுட்டேனோன்னு ரெண்டு தடவை செக் பண்ணேன். டெம்பிள்ஸ் கேட்டப்ப இந்தப் பிரச்சனையே இல்ல, ஒரு காதுலயே எல்லாம் வந்துச்சு.

ஆக என் சந்தேகம், இவங்க அந்தப் பழைய சவுண்டை எப்படி அப்படியே கொண்டு வர்றாங்க? பழைய மெஷின் எல்லாம் வாங்கி வெச்சிருக்காங்களா இல்ல கம்ப்யூட்டர்லயே பண்றாங்களா? அப்படியே கொண்டு வந்தவங்க அந்த குரல் காணாமப் போறத மட்டும் ஏன் விட்டாங்க? இன்னொன்னு, இந்த மாதிரி இன்னும் யாரெல்லாம் இருக்காங்கன்னும் சொல்லுங்க, பஸ் பயணம் நிறைய பாக்கி இருக்கு.

---

டேப்_கிறுக்கன்:

வாங்க ப்ரோ, முதல் போஸ்ட்லயே நல்ல இடத்துல கை வெச்சிருக்கீங்க. உங்க இயர்ஃபோன் செத்தது ஒரு வகையில நல்லதாப் போச்சு, ரெண்டு காதும் வேலை செஞ்சிருந்தா இத கவனிச்சிருக்கவே மாட்டீங்க.

குரல் ஏன் காணாமப் போச்சுன்னா, அப்ப இங்கிலாந்துல பெரும்பாலான வீட்ல மோனோ பிளேயர்தான், ரேடியோவும் மோனோ. எல்லா சத்தமும் ஒண்ணா ஒரே வழியா வந்தா மோனோ, இடது வலதுன்னு பிரிஞ்சு வந்தா ஸ்டீரியோ. அதனால பேண்டு, புரொட்யூசர், இன்ஜினியர் எல்லாரும் உக்காந்து மெனக்கெட்டு மிக்ஸ் பண்றது மோனோவுக்குத்தான். ஸ்டீரியோ மிக்ஸ் அப்புறமா ஒரு கடமைக்கு, பல நேரம் பேண்டு அங்க இருக்கவே மாட்டாங்க. டேப்புல இருக்கறதே 4 ட்ராக், அதாவது தனித்தனியா பதிய நாலே வரிசை, அதுல வாத்தியம் எல்லாத்தையும் ஒரு பக்கம் தள்ளு, குரலை இன்னொரு பக்கம் தள்ளு, முடிஞ்சது ஜோலி. ரப்பர் சோல் 1965, அதுல பெரும்பாலும் வாத்தியம் இடது, குரல் வலது. உங்களுக்கு செத்தது வலது. பாவம், பீட்டில்ஸ் பாடகர் லென்னன் செத்த ஒயர்ல மாட்டிக்கிட்டார்.

இப்ப டெம்பிள்ஸ் விஷயம். ஸ்டூடியோ கட்டி பழைய மெஷின் வாங்கி எல்லாம் ஆரம்பிக்கல. இங்கிலாந்துல கெட்டரிங்னு ஒரு சின்ன ஊரு, நார்த்தாம்ப்டன்ஷயர்ல, ஒரு காலத்துல ஷூ செய்யறதுக்குப் பேர் போன ஊரு. அங்க ஜேம்ஸ் பேக்‌ஷாவும் டாம் வாம்ஸ்லியும் 2012ல வீட்லயே ரெக்கார்ட் பண்ணி நாலு பாட்ட யூட்யூப்ல ஏத்தினாங்க. ஹெவன்லி ரெக்கார்டிங்ஸ் ஆரம்பிச்ச ஜெஃப் பேரட் அத கேட்டுட்டுக் கூப்பிட்டார். 2014ல வந்த முதல் ஆல்பம் சன் ஸ்ட்ரக்சர்ஸும் வீட்ல பண்ணதுதான். ஜானி மார், நோயல் கல்லகர் மாதிரி பெரிய பிரிட்டிஷ் கிட்டார் ஆளுங்கல்லாம் தூக்கி வெச்சுப் பேசினாங்க.

வீட்ல எப்படி அந்த சவுண்டு வரும்னு கேப்பீங்க. என் சொந்த அனுபவத்துல சொல்றேன், நானும் நண்பனும் வீட்டு மாடி ரூம்ல மூணு வருஷமா இதே பைத்தியத்துல இருக்கோம். முதல்ல ட்ரம்ஸ். இப்ப எல்லாரும் ட்ரம் செட்டுக்கு எட்டு பத்து மைக் வெப்பாங்க, ஒவ்வொரு ட்ரம்முக்கும் தனித்தனி. அப்ப அவ்ளோ மைக் வெச்சா போட ட்ராக் ஏது? ஒண்ணு ரெண்டு மூணு மைக், எல்லாம் கலந்து ஒரே ட்ராக். 1966 ஏப்ரல்ல பீட்டில்ஸோட ரிவால்வர் ஆல்பத்துக்கு இன்ஜினியர் ஜெஃப் எமெரிக், அப்ப அவருக்கு வயசு 20, ட்ரம்மர் ரிங்கோவோட பேஸ் ட்ரம்முக்குள்ள ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணிச்சு, மைக்கை அபே ரோட் ஸ்டூடியோ ரூல்ல சொன்ன தூரத்தை விட ரொம்ப கிட்ட கொண்டு போய் வெச்சார். அப்புறம் சத்தம் ஒரு அளவுக்கு மேல எகிறாம அமுக்கற லிமிட்டர் மெஷின்ல போட்டு நசுக்கினார். அந்த நசுக்கல்தான் தொப்பு. மிருதங்கத்துல தொப்பி பக்கம் ரவை அப்பினா அந்த ஓசை எப்படி அடங்கி கனமா வருதோ அதே கதைதான். நாங்க ஸ்வெட்டருக்கு பதிலா எங்க பாட்டியோட பழைய போர்வையத் திணிச்சோம், ஒரே ஒரு மைக்க ட்ரம்மர் முட்டிக்கு மேல தொங்கவிட்டோம், அந்த சவுண்டு வந்த அன்னிக்கு ரெண்டு பேரும் பேசாம அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தோம். பாட்டிதான் போர்வை எங்கன்னு இன்னும் தேடிட்டிருக்கு.

அடுத்தது அந்த கிணத்துக் குரல். லென்னனுக்குத் தன் குரலே பிடிக்காது, ஒவ்வொரு பாட்டையும் ரெண்டு தடவை பாடி மேல மேல ஏத்தச் சொல்வார், ஆனா ரெண்டாவது தடவை பாட சோம்பேறித்தனம். அதுக்காக கென் டவுன்செண்ட்னு அபே ரோட் இன்ஜினியர் 1966ல ஒரு வழி பண்ணார், ஒரே குரலை இன்னொரு டேப் மெஷினுக்கு அனுப்பி அதோட ஸ்பீடை லேசா கூட்டிக் குறைச்சு, அசலோட சேர்த்தா ரெண்டு பேர் பாடுற மாதிரி. ஏடிடின்னு பேரு. இன்னிக்கு அது கம்ப்யூட்டர்ல போடுற ஒரு ப்ளகின் சாஃப்ட்வேர், ஒரு குமிழைத் திருகினா போதும்.

நீங்க கேட்டதுல எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த ரெண்டாவது கேள்விதான். அந்தக் குரல் ஒதுங்கற கதைய மட்டும் ஏன் எடுத்துக்கலன்னா, 2012ல எல்லாரும் ஹெட்ஃபோன்ல கேக்குறாங்க, பாதி பாட்டு ஒரு காதுல வந்தா தலை சுத்தும். அதனால கோளாறுகள்லயே எது அழகா இருக்கோ அத எடுத்துக்கிட்டாங்க, எது தொல்லையோ அத விட்டுட்டாங்க. மிச்சத்த அப்புறம் எழுதறேன், கரண்ட் போகப் போகுது.

---

எல்பி_மாமா:

தம்பி டேப்_கிறுக்கன் நல்லா எழுதியிருக்கார். கோளாறுன்னு ஒரு வார்த்தை போட்டாரே, அதப் புடிச்சு நானும் கொஞ்சம் சொல்றேன். வயசானவன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

அறுபதுகள்ல சைக்கடெலிக்னு சொல்ற, போதையில மிதக்கற மாதிரி இருக்கற சவுண்டுல பாதி யாரோ ஒருத்தரோட மெஷின் ரிப்பேர் ஆனதுல பிறந்தது. ஃபஸ் கிட்டார் இருக்கே, கர்ர்னு அறுக்கிற மாதிரி, அது 1961ல வந்த ஒரு கண்ட்ரி பாட்டோட நாஷ்வில் ரெக்கார்டிங்ல மிக்ஸர்ல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போய் பேஸ் கிட்டார் கரகரன்னு வந்தது. மார்ட்டி ராபின்ஸ் பாட்டு அது. தூக்கிப் போட்டிருக்கணும், ஆனா அப்படியே விட்டாங்க, பாட்டு ஹிட். அந்த இன்ஜினியர் க்ளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பை காலால மிதிக்கிற ஒரு பெட்டிக்குள்ள அடைச்சு கிப்ஸன் கம்பெனிகிட்ட கொடுத்தார், 1962ல மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்னு வந்தது. மூணு வருஷம் அவ்வளவா விக்கல. 1965ல ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டோட கீத் ரிச்சர்ட்ஸ் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்ல மிதிச்சார், கடையில இருந்த அத்தனையும் காலி. ஆக கெட்டுப்போன டிரான்ஸ்ஃபார்மரை ஜனங்க காசு கொடுத்து வாங்கினாங்க, இன்னிக்கும் வாங்குறாங்க.

மெல்லோட்ரான் தெரியுமா? ஆர்மோனியம் மாதிரி கீ இருக்கும், ஒவ்வொரு கீக்குக் கீழயும் ஒரு டேப் துண்டு, அதுல புல்லாங்குழலோ வயலினோ முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வெச்சிருப்பாங்க. அமுக்கினா டேப் ஓடும். எட்டு செகண்டுதான். அதுக்கு மேல அமுக்கிப் பிடிச்சா சவுண்டு நின்னுடும், விட்டா ஸ்பிரிங் இழுத்து டேப் பழைய இடத்துக்குப் போகும். அதனால வாசிக்கிறவன் எட்டு செகண்டுக்குள்ள விரல மாத்தியே ஆகணும். பர்மிங்ஹாம்ல செஞ்சாங்க. பீட்டில்ஸோட ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் பாட்டு ஆரம்பத்துல வர்ற அந்தத் தள்ளாடுற புல்லாங்குழல் அதுதான். டேப் ஒரே ஸ்பீட்ல ஓடாது, அந்தத் தள்ளாட்டம்தான் அழகு. டெம்பிள்ஸ் கேட்டப்ப எனக்கு முதல்ல காதுல விழுந்தது அந்த மாதிரி தள்ளாட்டம்தான், அசல் மெஷினா நகலா தெரியல, ஆனா சிரிப்பு வந்துடுச்சு. எந்தப் பையனுக்கும் இப்ப எட்டு செகண்டுல நிக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா தள்ளாட்டம் மட்டும் வேணுமாம்!

பன்னெண்டு கம்பி பத்தி. 1964ல பீட்டில்ஸ் கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் ஹாரிசன் கையில பன்னெண்டு கம்பி ரிக்கன்பேக்கர் கிட்டார் வந்துச்சு, அத சினிமாவுல பார்த்துட்டு அமெரிக்காவுல ரோஜர் மெக்வின் ஒண்ணு வாங்கி பேர்ட்ஸ் பேண்டுல வாசிச்சார். கம்ப்ரெஸர்னு லிமிட்டர் மாதிரியே ஒரு மெஷின் போட்டு நசுக்கி நசுக்கி, அந்த ஜலஜல நிக்காம நீண்டுட்டே போற மாதிரி பண்ணாங்க. இதுல ஒரு கதை இருக்கு. 1965 கடைசில அவங்க டூர் வண்டியில கேக்க ஒரே ஒரு டேப்தான் இருந்துச்சு, ஒரு பக்கம் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கால்ட்ரேன், இன்னொரு பக்கம் நம்ம ரவிசங்கர். ஊர் ஊரா அதையே திரும்பத் திரும்பக் கேட்டாங்க. அடுத்த வருஷம் வந்த எய்ட் மைல்ஸ் ஹைல மெக்வின் கிட்டார்ல கால்ட்ரேனோட சாக்ஸஃபோன் மாதிரி வாசிக்கப் பார்த்திருப்பார். சாக்ஸஃபோன் மாதிரி வரல. வேற எதுவோ வந்துச்சு, அந்த வேற எதுவோதான் சைக்கடெலிக்.

டேப்_கிறுக்கன் சொன்ன அந்த 1966 ஏப்ரல் ரிவால்வர் ரெக்கார்டிங்ல பண்ண பாட்டு ஒண்ணு, டுமாரோ நெவர் நோஸ், அத அரைக்காது தம்பி அவசியம் கேக்கணும். தம்புரா போட்டிருப்பாங்க, பாட்டு முழுக்க ஸி சுருதியிலயே நிக்கும். வெள்ளைக்காரப் பத்திரிகை எல்லாம் இத பெரிய புரட்சின்னு எழுதுவான், சுருதிப் பெட்டியக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதுல என்னடா புரட்சின்னு தோணும். எனக்கு புரட்சியாப் பட்டது வேற, அஞ்சு டேப் மெஷின்ல அஞ்சு டேப் வளையம் ஓடுது, டேப் தொய்யாம இருக்க ஆளாளுக்கு ஒரு பென்சிலக் கொடுத்து இழுத்துப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க. லென்னன் குரலை ஹேமண்ட் ஆர்கனோட சுத்துற லெஸ்லி ஸ்பீக்கர் வழியா விட்டாங்க, குடை ராட்டினத்துல உக்காந்து ஒருத்தன் பாடுற மாதிரி இருக்கும்.

---

காரம்_கம்மி:

எல்லாம் சரி மாமா, ஆனா நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

நீங்க சொன்ன எல்லாருமே இல்லாத சவுண்டைத் தேடிப் போனவங்க. டேப்பை அறுத்தாங்க, ஒட்டினாங்க, ரூலை மீறினாங்க. இப்ப இருக்கறவங்க இருக்கற சவுண்டை கடையில போய் வாங்குறாங்க. போட்டோவ மொபைல்ல எடுத்துட்டு அப்புறம் ஃபில்டர் போட்டு பழுப்பாக்கி ஓரத்துல கீறல் விழ வைக்கிறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? டெம்பிள்ஸ் ஆளுங்க தலைமுடியைப் பாருங்க, அப்படியே அந்தக் காலத்து ராக் பாடகர் மார்க் போலன். சட்டை, பூட்ஸ், ஆல்பம் அட்டை எல்லாமே அலமாரில இருந்து எடுத்துப் போட்டுக்கிட்ட வேஷம். நம்ம ஊர்ல எம்ஜிஆர் வேஷம் கட்டி ஆடுற கலைஞர் எத்தனை பேர் இருக்காங்க, நல்லா ஆடுறாங்க, கைதட்டுறோம், ஆனா அவர எம்ஜிஆர்னு சொல்றோமா?

இன்னொன்னு, அந்தக் காலத்துல அதுக்குப் பின்னாடி ஒரு ஆபத்து இருந்துச்சு. வியட்நாம் போர் நடக்குது, எல்எஸ்டின்ற போதைப்பொருளை கலிஃபோர்னியாவுல தடை பண்ணதே 1966 அக்டோபர்லதான், பசங்கள பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போறாங்க. அந்த பயமும் கிறுக்கும் பாட்டுல இருக்கு. 2012ல கெட்டரிங்ல என்ன பயம்? பாட்டு வரி எல்லாம் சூரியன், கண்ணாடி, மலைன்னு கேக்க அழகா இருக்கு, என்ன சொல்ல வர்றாங்கன்னு கேட்டா ஒண்ணும் இல்ல. ட்யூன் நல்லா இருக்கு, அத நான் மறுக்கல. நானே பாத்திரம் கழுவுறப்ப அதத்தான் போட்டுப்பேன்.

---

மிட்லண்ட்ஸ்_வாசி:

ஆல்பம் அட்டைன்னு சொன்னதால உள்ள வர்றேன், இல்லன்னா வழக்கம் போல படிச்சிட்டுப் போயிருப்பேன்.

நான் இருக்கறது கெட்டரிங்ல இருந்து கார்ல முக்கா மணி நேரம். சன் ஸ்ட்ரக்சர்ஸ் அட்டையில இருக்கற அந்தக் கட்டடம் வேஷம் இல்லங்க, அவங்க ஊர்ப் பக்கத்துலயே இருக்கு, ரஷ்டன் ட்ரையாங்குலர் லாட்ஜ். தாமஸ் ட்ரெஷம்னு ஒரு கத்தோலிக்கப் பிரபு, அந்த மதத்துல இருந்ததுக்காகவே வருஷக்கணக்கா ஜெயில்ல கிடந்தவர், வெளிய வந்து 1593ல இருந்து 1597 வரைக்கும் கட்டினது. வெளிப்படையா சொன்னா மறுபடி உள்ள போடுவாங்க, அதனால கட்டடத்துலயே சொல்லியிருக்கார். மூணு பக்கம், மூணு மாடி, ஒவ்வொரு பக்கத்துக்கும் மூணு மூணு ஜன்னல், ஒவ்வொரு சுவரும் 33 அடி. சுவரு மேல லத்தீன்ல எழுதியிருக்கறதும் பக்கத்துக்கு 33 எழுத்து. எல்லாம் பிதா சுதன் பரிசுத்த ஆவி கணக்கு.

போன கோடையில பசங்களக் கூட்டிட்டுப் போனேன். ஃபோட்டோவுல பெருசா தெரியும், நேர்ல பார்த்தா நம்ம ஊரு வாட்டர் டேங்க் ரூம் சைஸுக்குக் கொஞ்சம் பெருசு. வெளிர் கல்லும் கருஞ்சிவப்புக் கல்லும் மாத்தி மாத்தி பட்டை பட்டையா, சுத்தி வெறும் புல்லு. உள்ள போனா மூலையெல்லாம் கூரா முடியுது, எங்க நின்னாலும் கோணலா நிக்கிற மாதிரி ஒரு உணர்வு, எந்தச் சுவருக்கு நேரா நிக்கிறோம்னே பிடிபடல. என் சின்னவன் மூணு தடவை சுத்திட்டு "அப்பா, நாம வந்த கதவு எது?"ன்னு கேட்டான். கெட்டரிங் மாதிரி ஒண்ணும் நடக்காத ஊர்ல வளர்ந்த பசங்களுக்கு அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி இப்படி ஒண்ணு நின்னா அவங்க பாட்டு இப்படித்தான் வரும்னு எனக்கு அன்னிக்குத் தோணுச்சு. லண்டன் 1967 பக்கம் போகாமலே கிறுக்குத்தனம் வாசல்லயே இருக்கு.

காரம்_கம்மி கேட்ட ஆபத்து அவங்க பாட்டுல இல்லன்றத மட்டும் ஒத்துக்கறேன். இதமா இருக்கும், அவ்ளோதான். எனக்கு அது குறையாத் தெரியல.

---

ரெவெர்ப்_ராணி:

ஆபத்து வேணும்னா டெம்பிள்ஸ விட்டுட்டு டெக்ஸாஸுக்கு வாங்க. அரைக்காது கேட்ட மூணாவது கேள்விக்கு என் பதில் ஒண்ணே ஒண்ணுதான், தி பிளாக் ஏஞ்சல்ஸ்.

ஆஸ்டின்ல 2004ல ஆரம்பிச்ச பேண்டு. பேரு வெல்வெட் அண்டர்கிரவுண்ட்னு அறுபதுகள் பேண்டோட பாட்டுல இருந்து எடுத்தது. 2006ல பாஸ்ஓவர்னு முதல் ஆல்பம், அதுல ஜலஜல எல்லாம் கிடையாது, ஒரே சுருதிய அடியில ஓடவிட்டு மேல ட்ரம்ஸ் பட்டாளம் நடந்து வர்ற மாதிரி வரும். ஈராக் போர் நடந்துட்டிருந்த நேரம், வரியில எல்லாம் போரும் சாவும்தான். வியட்நாம் சவுண்டை எடுத்து அவங்க காலத்துப் போருக்கே பாடினாங்க, அத ஃபில்டர்னு சொல்ல முடியாதுங்க.

ஆனா நான் சொல்ல வந்தது அதில்ல. அதே ஆஸ்டின்லதான் 1966ல தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்னு ஒரு பேண்டு இருந்தாங்க. முதல் ஆல்பத்துக்கு பேர்லயே சைக்கடெலிக்னு போட்டவங்க. அவங்க பாட்டுல பின்னாடி டுபுக் டுபுக் டுபுக்னு ஒரு சத்தம் விடாம வரும், கேட்டா ஏதோ சிந்தசைசர்னு நினைப்பீங்க. டாமி ஹால்னு ஒருத்தர் ஒரு ஜாடியை வாய்கிட்ட வெச்சு அதுக்குள்ள குரல் கொடுக்கிறார், பக்கத்துல மைக். அவ்ளோதான், ஜாடி! நம்ம கடம் வித்வான் கையால பண்றத அவர் வாயால பண்ணியிருக்கார்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

பாடகர் ராக்கி எரிக்ஸன். 1969ல கஞ்சா சிகரெட் ஒண்ணோட பிடிபட்டார், டெக்ஸாஸ்ல அதுக்கே வருஷக்கணக்கா ஜெயில், அதுல இருந்து தப்பிக்க மனநிலை சரியில்லன்னு சொல்லப் போக ரஸ்க் மருத்துவமனையில அடைச்சாங்க. ஷாக் ட்ரீட்மெண்ட் கொடுத்தாங்க. 1972ல வெளிய வந்தப்ப பழைய ஆளு இல்ல. பல வருஷம் யாரும் கண்டுக்காம கிடந்தார்.

2008ல அதே பிளாக் ஏஞ்சல்ஸ் அவர கூட்டிட்டு டூர் போனாங்க. அவருக்குப் பின்னாடி நின்னு அவரோட பழைய எலிவேட்டர்ஸ் பாட்டுகளுக்கு வாசிச்சாங்க. நான் அந்த வீடியோவ முதல் தடவை பார்த்தப்ப அவர் முகத்தையே பார்த்துட்டிருந்தேன், அப்புறம்தான் பின்னாடி இருக்கற பசங்களைப் பார்த்தேன், ஒருத்தர் கூட கூட்டத்தப் பார்க்கல, எல்லாரும் அவரையே பார்த்துக்கிட்டு, அவர் எங்க இழுத்தாலும் கூட போக ரெடியா நிக்கிறாங்க. பக்கவாத்தியக்காரங்க பாடகரப் பார்க்கிற மாதிரி. அதே வருஷம் அவங்களும் நண்பர்களும் சேர்ந்து ஆஸ்டின் சைக் ஃபெஸ்ட்னு ஒரு இசை விழா ஆரம்பிச்சாங்க, பின்னாடி அதுக்கு லெவிடேஷன்னு பேர் மாத்தினாங்க, அதுவும் எலிவேட்டர்ஸ் பாட்டுப் பேருதான். ராக்கி 2019 மே மாசம் போயிட்டார்.

எம்ஜிஆர் வேஷம்னு சொன்னீங்களே, எந்த வேஷக்காரருக்கு எம்ஜிஆருக்கே பக்கவாத்தியம் வாசிக்கிற பாக்கியம் கிடைச்சுது சொல்லுங்க?

---

காரம்_கம்மி:

ராணி அக்கா, கதை ரொம்ப நல்லா இருக்கு, ராக்கி பத்தி எனக்குத் தெரியாது, தேங்க்ஸ். ஆனா அது பிளாக் ஏஞ்சல்ஸ் நல்ல மனுஷங்கன்னு காட்டுது, புதுசா பண்ணாங்கன்னு காட்டல. ரெண்டும் வேற வேற.

---

டேப்_கிறுக்கன்:

கரண்ட் வந்துடுச்சு. காரம்_கம்மி சொல்றதுல பாதி எனக்கும் உண்டு, அதனாலதான் டேம் இம்பாலான்ற பேண்டை இங்க இழுக்கிறேன்.

ஆஸ்திரேலியாவுல பெர்த். உலகத்துல எந்தப் பெரிய ஊருக்கும் பக்கத்துல இல்லாத ஊரு. கெவின் பார்க்கர்னு ஒரே ஒரு ஆளு, ஸ்டேஜ்ல பார்த்தா அஞ்சு பேரு பேண்டு, ஆனா ரெக்கார்டிங்ல கிட்டத்தட்ட எல்லாமே அவரே, ட்ரம்ஸ் பேஸ் கிட்டார் குரல் எல்லாம். 2010ல இன்னர்ஸ்பீக்கர், பெர்த்துக்குத் தெற்க கடலோரமா ஒரு தனி வீட்ல பண்ணது. குரல் அப்படியே லென்னன். ட்ரம்ஸுக்கு ரெண்டு மூணு மைக்தான், கம்ப்ரெஸர்ல போட்டுப் பிழிஞ்சிருப்பார், சிம்பல் அடிச்சா மூச்சு வாங்குற மாதிரி உள்ள போய் வெளிய வரும். அப்ப வந்த விமர்சனம் எல்லாம் காரம்_கம்மி சொன்ன அதே டயலாக்தான், பழசோட நகல்னு.

அப்புறம் என்ன ஆச்சு? 2012ல லோனரிஸம், 2015ல கரண்ட்ஸ். கரண்ட்ஸ்ல கிட்டார் எங்கன்னு தேடணும், முழுக்க சிந்தசைசர், டிஸ்கோ. ஆனா அந்த நசுக்கல், சத்தத்தை அலை மாதிரி சுழல வைக்கிற ஃபேஸர்ல சுத்துற ட்ரம்ஸ், அந்த கிணத்துக் குரல் எல்லாம் அப்படியே இருக்கு. அந்தக் கோளாறுகள ஒரு பழைய வீட்ல இருந்து பேத்து எடுத்துட்டு வந்து புது வீட்ல பொருத்திட்டார். அந்த ஆல்பத்தோட கடைசிப் பாட்ட 2016ல ரிஹானா எடுத்து, கிட்டத்தட்ட அதே இசை மேல பாடி, தன் ஆல்பத்துல போட்டாங்க. 1966 சவுண்டு ரிஹானா வரைக்கும் போனது நகலாலயா? பழைய ரசிகர்கள் இன்னும் கரண்ட்ஸ்க்கு சண்டை போடுவாங்க, நானும் போட்டிருக்கேன், இப்ப அதுதான் அதிகமா கேக்குறேன்.

டெம்பிள்ஸ் அந்த அளவுக்குப் போகல, உண்மைதான். 2017ல வால்கேனோல சிந்தசைசர் பக்கம் போனாங்க, எனக்கு அவ்ளோ ஒட்டல. 2023ல எக்ஸோட்டிகோ வந்துச்சு, புரொட்யூசர் யாருன்னா சான் ஓனோ லென்னன். லென்னன் மாதிரி பண்றாங்கன்னு பத்து வருஷம் திட்டு வாங்கினவங்க லென்னன் மகன்கிட்டயே போய் உக்காந்துட்டாங்க, அத நினைச்சா எனக்கு இன்னும் சிரிப்பு.

அரைக்காதுக்கு லிஸ்ட்ல இன்னொன்னு, மெல்போர்ன்ல கிங் கிஸர்ட் அண்ட் தி லிஸர்ட் விஸர்ட். 2017ல ஒரே வருஷத்துல அஞ்சு ஆல்பம். அதுல ஒண்ணுக்குத் துருக்கி பாக்லாமா வாத்தியத்துல மயங்கி, கால் ஸ்வரம் வர்ற மாதிரி கூடுதல் ஃப்ரெட் (கழுத்துல இருக்கற குறுக்குக் கட்டை) வெச்ச கிட்டாரே செஞ்சு வாசிச்சாங்க. இன்னொண்ண இலவசமா விட்டு, யார் வேணும்னாலும் எல்பி அடிச்சு வித்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க.

ப்ரோ முக்கியமானது மறந்துட்டேன். உங்க போன்ல செட்டிங்ஸ்ல போய் அணுகல்தன்மைன்னு இருக்கும் பாருங்க, அதுக்குள்ள மோனோ ஆடியோன்னு ஒரு பட்டன். அத ஆன் பண்ணா ரெண்டு பக்க சத்தமும் கலந்து ஒரே காதுல வரும். புது இயர்ஃபோன் வாங்குற வரைக்கும் லென்னன் திரும்பி வந்துடுவார்.

---

அரைக்காது:

அய்யோ இவ்ளோ பதில் வரும்னு நினைக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாளா பஸ்ல இதான் வேலை.

மோனோ பட்டன் வேலை செய்யுது!! ரப்பர் சோல்ல முதல் தடவையா பாடுறவங்க பஸ்ஸுக்குள்ள ஏறினாங்க. ஆனா ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க, குரல் இல்லாம ரெண்டு வாரம் கேட்டுப் பழகிட்டதால இப்ப குரல் வந்ததும் பேஸ் கிட்டார் எங்கயோ ஒளிஞ்சுக்கிட்ட மாதிரி இருக்கு. ஒரு பாட்டுக்கு பட்டன ஆஃப் பண்ணி பேஸ மட்டும் கேட்டுட்டு மறுபடி ஆன் பண்ணேன்.

எலிவேட்டர்ஸ் ஜாடி சத்தத்தக் கேட்டதும் பஸ் இன்ஜின்ல ஏதோ பிரச்சனைன்னு நினைச்சு எட்டிப் பார்த்தேன் ராணி அக்கா. பக்கத்து சீட்டு அண்ணன் என்னன்னு கேட்டார், ஜாடின்னு சொல்லவா முடியும்.

டெம்பிள்ஸ் மறுபடி கேட்டேன். காரம்_கம்மி சொன்னதுக்கு அப்புறம் வரிய கவனிச்சேன், ஆமா, ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா அந்த முக்கோணக் கட்டடத்த நெட்ல பார்த்துட்டுக் கேட்டா என்னமோ வேற மாதிரி இருக்கு. எனக்கு இன்னும் பிடிச்சிருக்கு, என்ன பண்ண. கரண்ட்ஸ் இன்னிக்கு சாயங்காலம்.

மாமா, அப்ப நான் இப்ப மோனோவுல கேக்கறதுதான் 1965ல ஜனங்க கேட்டதா?

---

எல்பி_மாமா:

கிட்டத்தட்ட தம்பி. அவங்க இழுத்துக் கட்டின மோனோவ நீங்க ஒத்தக் காதுல கேக்குறீங்க, அவ்வளவுதான்.

---

டேப்_கிறுக்கன்:

மாமா மன்னிக்கணும், அது கிட்டத்தட்ட கூட இல்ல. போன் பண்றது ஸ்டீரியோ மிக்ஸோட ரெண்டு பக்கத்தையும் கூட்டிக் கொடுக்கறது. 1965 மோனோ மிக்ஸ் தனியா பண்ணது, அதுல எது முன்னாடி நிக்கணும் எது பின்னாடி போகணும்னு அவங்க வேற மாதிரி முடிவு பண்ணியிருப்பாங்க. தம்பி சொன்ன அந்த பேஸ் ஒளிஞ்ச விஷயம் கூட அதனால இருக்கலாம். அந்த மோனோ மிக்ஸுகளைத் தனியா பெட்டியாப் போட்டு 2009ல சிடியா வந்துச்சு, என்கிட்ட இருக்கு. அரைக்காது ப்ரோ உள்பெட்டியில வாங்க.

---

காரம்_கம்மி:

முதல்ல அவருக்கு யாராவது ஒரு இயர்ஃபோன் வாங்கிக் கொடுங்கப்பா.